கதிர் எழுதிய வரிகள்

பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து இன்றுவரை அடுத்தவர் பொருளைக் கேட்காமல் நான் தொட்டதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரனின் ரப்பர் என் காலடிக்கு உருண்டு வந்தால்கூட அவனைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்வேனே தவிர, நானாகக் கை வைக்க மாட்டேன். ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த விவகாரத்தில் என்னை வேறு என்ன சொன்னாலும் திருடன் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

இன்ஸ்பெக்டர் உஷாராணி அவர்களுக்கு: வாழப்பாடிப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் இரண்டு பேர் இறந்த வழக்கை நீங்கள் ஏறக்குறைய முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னையும் ஒரு தடவை கூப்பிட்டு, உட்காரவைத்து, மரியாதையாகத்தான் விசாரித்தீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. பிறகு உங்கள் அறிக்கையின் நகல் கிடைத்துப் படித்தேன். அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, சேலம் அஸ்தம்பட்டியில் என் அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆலையில் மாட்டியிருந்த அந்தப் பெட்டியை நீங்களே பார்த்தீர்கள். ஆலையில் மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீர் ஒரு தொட்டிக்குப் போகிறது. அங்கே அது புளித்து விஷவாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி உள்ளே இறங்குகிறவன் திரும்புவதில்லை. நாங்கள் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது, என் வகுப்புத் தோழன் கதிரின் சித்தப்பா அப்படித்தான் இறந்தார். அதன் பிறகுதான் நான், கதிர், மோகனப்பிரியா மூன்று பேரும் சேர்ந்து அந்தப் பெட்டியைச் செய்தோம். வாயு இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. உள்ளே ஓடும் மென்பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு என் எழுத்து.

யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளட்டும் என்று அதை இணையத்தில் இலவசமாகப் போட்டோம். அப்படிப் போடும்போது ஓர் உரிமம் இணைக்க வேண்டும், லைசென்ஸ் என்பார்கள். அதில் பல வகை உண்டு. கதிர் தேர்ந்தெடுத்தது ஜிபிஎல். இதை எடுத்துத் திருத்தி விற்கிறவன், தான் செய்த திருத்தத்தையும் எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். இன்னொன்று எம்ஐடி. எழுதியவன் பெயரை மட்டும் வைத்துக்கொள், மற்றபடி உன் இஷ்டம் என்று விட்டுவிடும். இரண்டிலுமே எந்த உத்தரவாதமும் கிடையாது என்று எழுதியிருக்கும். அன்றைக்கு எனக்கு இதிலெல்லாம் பெரிய அக்கறை இல்லை. கதிர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டேன்.

மோகனப்பிரியா பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். கதிர் அந்த சேகோ ஆலையிலேயே மெயின்டனன்ஸ் இன்ஜினியராகச் சேர்ந்தான். அங்கே வைத்துத்தான் ஒரு குறையைக் கண்டுபிடித்தான். வாயு அளவுக்கு மீறிப் போனால் எங்கள் சென்சாரும் மூக்கைப் போலவே மரத்துப்போய் பூஜ்யம் காட்டியது. பூஜ்யம் என்றால் பச்சை. அதற்கு அவன் சில வரிகள் எழுதிச் சேர்த்தான். எண் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று விழுந்தால் நம்பாதே, தொட்டிக்குள் காற்றடிக்கும் மின்விசிறி போதுமான நேரம் ஓடி முடிக்கும்வரை சிவப்பை அணைக்காதே. அவ்வளவுதான் அதன் பொருள். நல்ல வரிகள். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

சேலத்தில் ஆலைக்காரர்கள் கூட்டம் ஒன்றில் எங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆத்தூர்க்காரர் ஒருவர் எழுந்து, அந்தச் சிவப்பு விளக்கு தன் ஆட்களைக் காப்பாற்றியதென்று சொல்லி, நேராக வந்து கதிரின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கையில் அவனுடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இதை மறைப்பானேன்.

அதன் பிறகு நாமக்கல்லிலிருந்து குமாரசாமி வந்தார். கோழிப்பண்ணைகளுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்து கொடுக்கிறவர். எங்கள் மென்பொருளைத் தன் பெட்டியில் போட்டுத் தென்னிந்தியா முழுக்க அனுப்புவதாகச் சொன்னார். பெட்டியின் மேல் என் பெயரைப் போடவும் சம்மதித்தார். அவருக்கு இடித்தது உரிமம் மட்டும்தான்.

"ஏனுங்க, எங்க பசங்க கை வச்சுத் திருத்துனதையும் ஊருக்கெல்லாம் குடுக்கோணும்னு போட்டிருக்குதுங்களே. அத மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா நாளைக்கே வேலைய ஆரம்பிச்சர்லாமுங்க."

உரிமத்தை மாற்றுவதென்றால் எழுதிய எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதுதான் முறை. மோகனப்பிரியா சரி என்று பதில் போட்டுவிட்டாள். கதிரைத் தேடி வாழப்பாடிக்கே போனேன். ஆலை வாசல் டீக்கடையில் நின்று பேசினோம். அவன் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

"அவரு ஆளு நாளைக்கு இதுல ஒரு ஓட்டைய கண்டுபிடிச்சு அடைச்சான்னா, அது அவரு பொட்டியோட நின்னுரும்டா. பக்கத்து தொட்டியில எறங்குறவன் சாவான். நான் எழுதுனத மாத்திக் குடுக்க மாட்டேன், ஆனந்தா."

அவன் எழுதியது, அவன் உரிமை. நான் வற்புறுத்தவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவன் சம்மதம் இல்லாமல் உரிமத்தை மாற்ற ஒரே நேர்மையான வழிதான் உண்டு. அவன் எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்துவிட வேண்டும். அதைச் செய்தேன். எத்தனை பேர் இதற்கு மெனக்கெடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெயரை மாற்றி, இரண்டு சொல்லை முன்பின்னாகப் போட்டுத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். நான் அவன் வரிகளை நீக்கிவிட்டு, திரையில் எண் காட்டும் பகுதியையும், தமிழில் எச்சரிக்கை சொல்லும் பகுதியையும் புதிதாக, வேறு விதமாக நானே எழுதினேன். அவனுடையதைவிட நன்றாகவே வந்தது.

அந்தச் சிவப்பு விளக்கு வரிகள்தான் மிஞ்சின. அவற்றை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். எந்தப் பக்கமிருந்து எழுத ஆரம்பித்தாலும் அவன் எழுதியதிலேயே வந்து நின்றது. அப்படி எழுதினால் அது காப்பி. காப்பி அடிப்பது என் வழக்கமில்லை. அதனால் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டேன்.

வேறு யாரிடமாவது விஷயத்தைச் சொல்லி எழுதி வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மோகனப்பிரியாவிடம் கேட்டிருந்தால் ஒரு மதியத்தில் எழுதிக் கொடுத்திருப்பாள். ஆனால் அவளிடம் கேட்டால் கதிரின் காதுக்குப் போகும். தான் இல்லாமல் ஒரு விளக்குகூட எரியாது என்று அவன் நினைத்துக்கொள்வான். குமாரசாமியும் கண்காட்சி நெருங்குகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

புதிய மென்பொருள் என் அலுவலகத்திலிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் தானாகவே போய்ச் சேரும். வாழப்பாடிப் பெட்டிக்கு மட்டும் அனுப்பாமல் நிறுத்தியிருக்க முடியும், திரையில் ஒரு டிக் குறியை எடுத்தால் போதும். அதையும் யோசித்தேன். ஓர் ஆலைக்கு ஒன்று, மற்ற ஆலைகளுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் பராமரிக்க முடியாது, பின்னால் குழப்பம் வரும். எல்லோருக்கும் ஒன்றுபோல அனுப்பினேன். இணையத்தில் போட்ட மாற்றக் குறிப்பிலும் உரிமம் எம்ஐடியாக மாறியது, சில பழைய பகுதிகள் நீக்கப்பட்டன என்று வெளிப்படையாக எழுதினேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கிழங்கு வரத்து உள்ள மாதங்களில் கதிர் வீட்டில் கம்ப்யூட்டரைத் திறக்கவே மாட்டான் என்பது எனக்குத் தெரியும்தான். போன் போட்டிருக்கலாம். எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் அறிக்கையில் விட்டுப்போன ஒன்று இருக்கிறது. அன்று காலை தொட்டிக்குள் இருக்கும் பம்பில் கிழங்குச் சக்கை அடைத்துக்கொண்டது. சின்னண்ணன் என்கிற தொழிலாளி விளக்கைப் பார்க்காமலேயே ஏணியில் இறங்கி, பாதியில் கை நழுவி விழுந்தார். கூட இருந்தவர்கள் அவரைத் தூக்க உள்ளே குதிக்கப் பார்த்தார்கள். கதிர் ஓடி வந்து அவர்களை மறித்தான். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பச்சை வராமல் ஒருத்தனும் இறங்கக் கூடாது என்று சொல்லி, மின்விசிறியைப் போடச் சொன்னான். கீழே கிடப்பவரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றான். அவசரப்பட்டு இறங்கினான் என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. அவன் காத்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது. விசிறி அப்போதுதான் சுற்ற ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் நின்றவர், இவ்வளவு சீக்கிரமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்குக் கதிர் சொன்னதை அவரே என்னிடம் சொன்னார்.

"நான் எழுதுனதுண்ணா. பொய் பச்சை காட்டாது."

சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறான்.

கதிரின் சவ எடுப்புக்குப் போனேன். சின்னண்ணன் வீடும் அதே தெருவில்தான், இரண்டு பந்தல் போட்டிருந்தார்கள். அந்தப் பந்தலிலிருந்து ஓர் ஆளும் கதிர் வீட்டுப் பக்கம் வரவில்லை. இவன் எழுதிய கோளாறால்தான் தங்கள் ஆளும் போய்ச் சேர்ந்தார் என்று அங்கே பேச்சு. கதிரின் மனைவி சித்ரா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அண்ணா, உங்களுக்குத்தான் தெரியும். அவரு எழுதுனதே தப்பாப் போயிருச்சாண்ணா? அவராலதான் அந்த அண்ணனும் செத்தாரா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். இந்த மாதிரி மென்பொருளுக்கெல்லாம் உத்தரவாதம் கிடையாதும்மா, லைசென்ஸிலேயே போட்டிருக்கிறது என்றேன். அது உண்மைதான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்போது அந்தத் தெருவில் அவளோடு யாரும் பேசுவதில்லையாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டே போகப்போகிறாள் என்று சொன்னார்கள். எங்கே போவாள் என்று தெரியவில்லை.

குமாரசாமியின் பெட்டிகள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றிலும் அந்த இடம் வெறுமனேதான் இருக்கிறது. கதிரின் வரிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால் பழைய உரிமத்துக்கே போக வேண்டும், அதற்குக் குமாரசாமி ஒத்துக்கொள்ள மாட்டார். இல்லையென்றால் அவனிடம் சம்மதம் வாங்க வேண்டும். சட்டப்படி அந்த உரிமை இப்போது சித்ராவுடையது. இந்த நேரத்தில் அவளிடம் போய் இதைக் கேட்பது நாகரிகமாக இருக்காது. போன வாரம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து, விளக்கு சிவப்பு வந்து உடனே பச்சையாகிவிடுகிறது, ஏன் என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். பார்க்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.

இனி தவறுக்கு வருகிறேன். உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், "இறந்துபோன கதிர் என்பவர் தானே எழுதிய மென்பொருளின் குறைபாட்டால்" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகைகளிலும் அதையேதான் போட்டார்கள். நாமக்கல்லில் குமாரசாமிகூட, பாவமுங்க, நல்ல பொட்டி செஞ்ச பையன் என்று அவனைத்தான் சொல்கிறார். என் பெயர் எங்குமே இல்லை. செத்தவனைப் பற்றிக் குறை சொல்வது என் எண்ணமில்லை. ஆனால் அடுத்தவர் எழுதியதை ஒருவர் பெயரில் போடுவது, அவர் இறந்தே போயிருந்தாலும், நியாயமில்லை.

தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். அன்று காலை அந்தப் பெட்டியில் ஓடியது முழுக்க நான் எழுதியது. அதில் கதிருடைய வரி ஒன்றுகூட இல்லை.