வந்தவங்க போயிட்டாங்களா?

கதவைச் சாத்துங்கள். சிரிக்கிறவன் வெளியே போய்ச் சிரிக்கட்டும்... இது நம்ம கூட்டாளி சோடாபுட்டியின் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு நடந்தது.

ராத்திரி ஒன்பது மணி. படகுத்துறைச் சாலையில் ஈ காக்கை இல்லை. கையில் துணி மூட்டையோடு ஒருத்தி தனியாக நடந்து வருகிறாள். சித்தப்பாவின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தையல் மிஷின் மிதித்தே ஆளாக்கியவள்.

எதிரே தெரியும் தீவில் சித்தப்பா வீடு வாங்கப் போயிருந்தார். பெரிய இடம். அங்கே ஒரு வழக்கம்... வாங்கப்போகிற வீட்டுக்குத் தீவுக்காரர்கள் ஒருநாள் கூடிச் சாப்பிட வருவார்கள். 'நம்ம ஆள்தான்' என்று அவர்கள் சொன்னால்தான் வீடு கைக்கு வரும். தான் பரம்பரைப் பணக்காரன் என்று சித்தப்பா அளந்து வைத்திருந்தார். அன்றுதான் அந்தச் சாப்பாடு. அக்காவுக்கு அது தெரியாது, பாவம்; தம்பிக்குப் புது வீடு என்பது மட்டும்தான் தெரியும்.

துறையிலிருந்து காவலாளி போன் செய்தான். "சார், உங்க அக்கான்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. படகுல அனுப்பவா?"

மேஜையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"எனக்கு அக்காவே கிடையாதேப்பா."

துறையில் காவலாளி பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. அவள் கோபப்படவே இல்லை. "வீட்ல யாரோ வந்திருக்காங்க போல. அவங்க போகட்டும், நான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

விடிய விடிய மழை. காலையில் பெஞ்சில் விறைத்துக் கிடந்தாள். மூட்டையை மட்டும் நனையவிடவில்லை. உள்ளே... தம்பி வீட்டுக்குத் தைத்த ஜன்னல் திரைகள்.

வீடு கிடைத்தது. திரைகளை மாட்டினார். ஜன்னலைப் பார்க்காமல் தைத்தது அல்லவா, எல்லாம் ஒரு சாண் குட்டை.

அதன்பிறகு ராத்திரியானால் மிஷின் எண்ணெய் வாசனை வரும். பிறகு போன் அடிக்கும்.

"தம்பி... வந்தவங்க போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கக்கா! வாக்கா!" என்று கரைக்கு ஓடுவார். யாரும் வரமாட்டார்கள். சமையல்காரரை நிறுத்தினார். தோட்டக்காரரை நிறுத்தினார். வீட்டுக்குள் ஒரு ஆளை விடவில்லை. ஒருநாள் ராத்திரி அக்கா சொன்னாள், "சரிப்பா, நாளைக்கு வரேன்."

அந்த நாளைக்குத்தான் நம்ம சோடாபுட்டி சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றான். திரும்பிப் போகக் கடைசிப் படகும் போய்விட்டது. "மாடியில மூச்சு காட்டாம கிடடா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சித்தப்பா கரைக்குப் போனார்.

கீழே போன் அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. இவனுக்குத்தான் கை சும்மா இருக்காதே. இறங்கிப் போய் எடுத்தான்.

"ஹலோ?"

எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது.

"ஓ... இன்னும் ஆள் இருக்காங்களா? பரவால்லப்பா. நான் உக்காந்திருக்கேன்."

வாசனை நின்றுவிட்டது. ஓடிப்போய்த் திரையை விலக்கினான். கரைக்கு வெகு அருகில் ஒரு படகு. மோட்டார் சத்தமில்லை. டக டக டக என்று தையல் மிஷின் ஓடும் சத்தம். வந்த படகு திரும்பிக்கொண்டிருந்தது. சித்தப்பா கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்துகிறார்.

"அக்கா! அது வெளியாள் இல்லக்கா... நம்ம பையன்க்கா!"

படகு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலும் கேட்கவில்லை.