ஆக்சிஜன் சிலிண்டரின் வென்ட் வால்வை மூடியது குறித்து

என் பெயர் வேதகிரி, வயது 41, மாகறல் கிராமம். கேஸ் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் மெக்கானிக்காக இருக்கிறேன். தலையில் தையல் போட்டிருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது.

இன்று காலை உத்திரமேரூர் பக்கத்தில் உள்ள இந்த நர்சிங் ஹோமுக்கு, திரவ ஆக்சிஜன் சிலிண்டரில் சேஃப்டி வால்வு மாற்ற வந்தேன். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்கிற அந்த வால்வு ஒழுகிக்கொண்டே இருந்தது. நோயாளிகளுக்கு வேறு சிலிண்டரில் இருந்து ஆக்சிஜன் போகும்படி முதலில் மாற்றினேன். அதன் பிறகு பின்கட்டில், உள்ளே இருக்கிற வாயுவைப் புகைபோல வெளியே விடுகிற வென்ட் வால்வைத் திறந்து வைத்தேன். உள்ளே திரவம் இருக்கும் வரை வென்ட் திறந்தே இருக்க வேண்டும், மூடினால் அழுத்தம் மறுபடி ஏறிவிடும்.

அதன் பிறகு புது வால்வை எடுக்க வண்டிக்குப் போய்த் திரும்பினேன். வென்ட் சீறுகிற சத்தம் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. பழைய வால்வில் ஸ்பேனரை வைத்துவிட்டேன். அழுத்த மீட்டரைப் பார்த்தால் முள் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று திருகியிருந்தால் வால்வு என் முகத்தில்தான் பாய்ந்திருக்கும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எவன்யா வென்ட்ட மூடினது? அறிவு கீதா?" என்று கத்தினேன்.

மாடியில் இருக்கும் நோயாளி ஒருவரின் மகன், காவாந்தண்டலம் டேனியல் என்பவர், "நான்தான்யா மூடினேன். எங்கம்மா மேல காத்துக்கு இழுத்துக்கினு கீது, நீ இங்க பொகையா வுட்டுக்கினு கீறியே!" என்றார். வேறு சிலிண்டர் ஓடுகிறது என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் முந்தும். "போய்யா அந்தாண்ட" என்று தள்ளிவிட்டேன். அவர் அந்த ஸ்பேனரை எடுத்து என் தலையில் அடித்தார். ரத்தம் கண்ணில் இறங்கியது, இருந்தும் முதலில் வென்ட்டைத் திறந்தேன்.

அதன் பிறகு நர்ஸ் பிரிஸ்கில்லா ஓடிவந்து, "உங்கம்மாவுக்கு ஆக்சிஜன் நிக்கவே இல்லண்ணே" என்று சொன்னார். டேனியல் ஸ்பேனரைப் போட்டுவிட்டு, தன் தலைத் துண்டால் என் காயத்தை அழுத்திப் பிடித்தார். அந்தத் துண்டில் தேங்காயெண்ணெய் வாடை அடித்தது. ஆக்சிஜன் கிட்டே எண்ணெய் இருந்தால் பற்றிக்கொள்ளும், அதனால் அப்போதும் அவரைத் திட்டித்தான் வெளியே இழுத்து வந்தேன்.

கொலை முயற்சியா என்று எஸ்.ஐ. ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன். அடித்தது உண்மை, வலிக்கிறது, கோபமும் போகவில்லை. கொல்ல அடித்தார் என்று எழுத வேண்டாம். அந்த அம்மா தேவகி மேலே மாஸ்க் போட்டுப் படுத்திருக்கிறார். பையன் எங்கே என்று கேட்டவரிடம் டீ வாங்கப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். டேனியலை ஒரு தடவை மேலே அனுப்பிவிட்டுப் பிறகு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்ததும் நான் சொன்னதும் இதுவே.

(ஒப்பம்) வேதகிரி