ஏற்றத்தில் நின்ற வண்டி

ராதிப்: ...கிளட்ச் பிளேட்டைக் கழட்டி என் கையில குடுத்தான் பட்டறை வார்தான். பிளேட்டா அது? அடுப்புல மறந்துட்ட ரொட்டி மாதிரி கருகிக் கெடக்கு. எங்க உன் புருஷன்? கூப்பிடு அவனை.

நுஹாத்: தூங்குறாரு அண்ணே. வந்ததும் வராததுமா... உட்காரு முதல்ல.

ராதிப்: பட்டப்பகல்ல என்ன தூக்கம்?

நுஹாத்: காய்ச்சல். கொஞ்சம் மெதுவா பேசு. மரமியா இலை போட்டு டீ கொண்டு வரேன்.

ராதிப்: டீ குடிக்க வரலை நுஹாத். காலையில ரவுண்டானாகிட்ட நடுரோட்டுல நிக்கிறேன். டாக்ஸிக்குள்ள பின்னாடி சவாரி ரெண்டு பேரு. ஆக்சிலேட்டரை மிதிச்சா எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பின் சீட்டுல ஒருத்தன் கேக்குறான், "நாங்க இறங்கி நடந்தா உங்களுக்கு முன்னாடி போயிடுவோம் போல"ன்னு.

நுஹாத்: நடந்தாங்களா?

ராதிப்: சிரிக்காத.

நுஹாத்: சிரிக்கலையே. கேட்டேன்.

ராதிப்: தள்ளினாங்க. ரெண்டு பேரும் கோட்டு சூட்டு. அந்தக் கோலத்துல தள்ளி ஓரங்கட்டினாங்க. அப்புறம் இன்னொரு வண்டியில கயிறு கட்டி பட்டறை வரைக்கும் இழுத்துட்டுப் போனேன். என் மானமே போச்சு.

நுஹாத்: வண்டின்னா கெட்டுப்போகத்தான் செய்யும் அண்ணே.

ராதிப்: நோன்புக்கு முன்னாடிதான் புது பிளேட் போட்டோம். நல்லா ஓட்டினா வருஷக்கணக்கா வரும். இப்ப பிளேட் மட்டுமில்ல, ஃப்ளைவீலே சூட்டுல நீலம் பாரிச்சுப் போயிருக்கு. பேரிங் நோயாளி மாதிரி முனகுது. காலையில நான் ஓட்டுறேன், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் உன் புருஷன் ஃபவாஸ் ஓட்டுறான். மூணாவது ஆளு கிடையாது. அப்ப யாரு வேலை இது?

நுஹாத்: நீயாவும் இருக்கலாம்ல?

ராதிப்: நானா?

நுஹாத்: ஆமா. சிக்னல்ல நின்னா கியரை எடுக்காம, காலைக் கிளட்ச்சுமேலேயே வச்சுக்கிட்டு ஃபோன்ல கதை பேசுவ. அண்ணியே சொல்லியிருக்காங்க.

ராதிப்: அவளுக்கு என்ன தெரியும் வண்டியைப் பத்தி? கேளு, வார்தான் என்ன சொன்னான் தெரியுமா? "இது பழகின டிரைவரோட கால் இல்ல. யாரோ புதுசா கத்துக்கிறவங்க ஓட்டியிருக்காங்க"ன்னான்.

நுஹாத்: வார்தான் எப்ப ஜோசியம் பார்க்க ஆரம்பிச்சான்?

ராதிப்: பேச்சை மாத்தாத.

நுஹாத்: மாத்தலை. பட்டறைக்காரன் யாரையாவது குத்தம் சொன்னாத்தானே வேலை பெருசாத் தெரியும்.

ராதிப்: சரி. என் முடிவைச் சொல்லிட்டுப் போறேன். வண்டி ரெடியானதும் சாயங்கால ஷிஃப்ட்டை மர்வான்கிட்ட குடுக்கப் போறேன்.

நுஹாத்: எந்த மர்வான்?

ராதிப்: ஸ்டாண்டுல இருக்கானே, ஒல்லியா.

நுஹாத்: அது எங்களுக்கும் பாதி வண்டி அண்ணே.

ராதிப்: காகிதம் என் பேர்ல இருக்கு.

நுஹாத்: ...உன் பேர்ல இருக்கட்டும்னு சொன்னதே நான்தான். அண்ணன்தானேன்னு.

ராதிப்: அதனாலதான் வீடு தேடி வந்து சொல்றேன். எழுந்திரு, அவனை எழுப்பு. இல்ல, நானே உள்ள போறேன்.

நுஹாத்: போகாத.

ராதிப்: ஏன்?

நுஹாத்: போகாதன்னா போகாத.

ராதிப்: என் மச்சான் படுத்திருக்கிற அறைக்குள்ள நான் போகக் கூடாதா? ...நுஹாத். இது என்ன வாடை?

நுஹாத்: மருந்து.

ராதிப்: காய்ச்சலுக்கா இந்த வாடை?

நுஹாத்: ...காலுக்கு.

ராதிப்: காலுக்கு என்ன?

நுஹாத்: சர்க்கரை. ஷூ கடிச்ச புண்ணு. ஆறவே இல்லை. பெருநாளைக்கு அப்புறம் பெரியாஸ்பத்திரியில பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துட்டாங்க. இடது கால். பாதத்துல உணர்ச்சியும் இல்லை. பெடலை மிதிக்கிறாரா தரையை மிதிக்கிறாரான்னு அவருக்கே தெரியாது.

ராதிப்: அல்லாஹ்... பெருநாள் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

நுஹாத்: சொன்னா மர்வான்னு சொல்லுவ.

ராதிப்: நான் ஏன் அப்படி—

நுஹாத்: இப்பதான் சொன்ன. இன்னும் டீ கூட போடலை.

ராதிப்: அது வேற. ஒரு விரல் போன மனுஷனை நான் ரோட்டுல விட்டுடுவேனா?

நுஹாத்: ரெண்டு விரல். மெதுவா பேசு, அவரு தூங்கலை. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்காரு. நீ பேசறது எல்லாம் காதுல விழுது.

ராதிப்: ...விழட்டும். அப்ப சாயங்காலம் வண்டியை யார் எடுத்துட்டுப் போறாங்க? தினமும் வந்து சாவியை வாங்கிட்டுப் போற. அவன் கீழ நிக்கிறான், படி ஏற சோம்பேறின்னு சொல்லுவ.

நுஹாத்: நான்தான்.

ராதிப்: என்ன நான்தான்?

நுஹாத்: நான்தான் ஓட்டுறேன். லைசென்ஸ் இருக்கு. ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் ஓட்டலை. சந்தைக்குப் பின்னால இருக்கிற பொட்டல்ல அவரு பக்கத்துல உக்காந்து கத்துக் குடுத்தாரு. கட்டுப் போட்ட காலை டேஷ்போர்டு மேல தூக்கி வச்சுக்கிட்டு. நான் கிளட்ச்சைப் பட்டுன்னு விட்டா வண்டி ஆடு மாதிரி துள்ளும், அவரு காலைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துவாரு. அவருக்கு வலிக்குதுன்னு நான் அழுவேன், நான் அழுறேன்னு அவரு சிரிப்பாரு.

ராதிப்: கதை சொல்றியா?

நுஹாத்: நீ கேட்ட, சொல்றேன். பொம்பளைங்க என் வண்டியைத் தேடி வராங்க. பிரசவ வார்டுக்குப் போறவங்க, ராத்திரி ஷிஃப்ட் நர்ஸுங்க. நேத்து ஒரு அம்மா இறங்கும்போது என் நெத்தியில முத்தம் குடுத்துட்டுப் போச்சு.

ராதிப்: முத்தம் குடுத்துச்சாம். என் தங்கச்சி டாக்ஸி ஓட்டுறா, ஊரே பாக்குது, நான் மட்டும் முட்டாள் மாதிரி...

நுஹாத்: ஊர்ல எத்தனையோ பொம்பளைங்க ஓட்டுறாங்க.

ராதிப்: அவங்க என் தங்கச்சி இல்ல. ஸ்டாண்டுல என்ன பேச்சுப் பேசுவானுங்கன்னு தெரியுமா உனக்கு?

நுஹாத்: என்ன பேசுவாங்க?

ராதிப்: வேண்டாம்.

நுஹாத்: இல்ல, சொல்லு. என்ன பேசினாங்க?

ராதிப்: "புருஷன் காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, பொண்டாட்டியை ரோட்டுக்கு அனுப்பியிருக்கான்"னு பேசுவானுங்க. "கிளட்ச்சை விடத் தெரியலை, ஏத்தத்துல வண்டியை நிறுத்திட்டு, பின்னாடி அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க, முழிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு"ன்னு...

நுஹாத்: ஏத்தத்துலன்னு நான் சொல்லவே இல்லையே அண்ணே.

ராதிப்: ...பொதுவா சொன்னேன். இந்த அம்மான் ஊர்ல ஏத்தம் இல்லாத தெரு எது?

நுஹாத்: பொதுவாவா?

ராதிப்: பொதுவாத்தான். கேள்விப்பட்டேன். யாரோ சொன்னாங்க, ஒரு பொம்பளை அஷ்ரஃபிய்யா ஏத்தத்துல...

நுஹாத்: யார் சொன்னா?

ராதிப்: யாரோ.

நுஹாத்: யாரோ சொன்ன அப்புறம்தான் வார்தானுக்குப் புது டிரைவர் கால்னு ஞானம் வந்துச்சா? இல்ல, அதையும் நீயே சொல்லிக்கிட்டியா?

ராதிப்: குறுக்குக் கேள்வி கேக்காத. நான் உனக்கு மூத்தவன்.

நுஹாத்: சரி. வார்தான் வேலையை முடிச்சதும் எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லு. சாயங்காலம் எப்பவும் போல நான் எடுத்துக்கிறேன். கைப்பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது, அதையும் பாக்கச் சொல்லு. எத்தனை தடவை உங்கிட்ட சொல்லியிருக்கேன்.

ராதிப்: நீ எடுக்கப் போறதில்ல. மர்வான்கிட்ட பேசிட்டேன். ஒத்துக்கிட்டான்.

நுஹாத்: எப்ப பேசின?

ராதிப்: வியாழக்கிழமை.

நுஹாத்: கிளட்ச் இன்னைக்குக் காலையிலதானே போச்சு? கிளட்ச் போறதுக்கு முன்னாடியே எங்களைத் தூக்கிட்ட.

ராதிப்: என் இடத்துல இருந்து பாரு நுஹாத். வியாழக்கிழமை அஷ்ரஃபிய்யாவுல, ஜூஸ் கடை வாசல்ல மர்வான் இருக்கான், இன்னும் நாலு பேரு இருக்கானுங்க. வாயில சிகரெட், கையில மாதுளை ஜூஸ். எல்லாரும் ஏத்தத்தைப் பாத்து சிரிக்கிறானுங்க. ஒருத்தன், "ராதிப், அது உன் வண்டி மாதிரி இருக்கே"ங்கிறான். நான் என்ன சொல்லட்டும்? உள்ள என் தங்கச்சின்னா?

நுஹாத்: என்ன சொன்ன?

ராதிப்: ...அதே கலர்ல ஊர்ல நூறு வண்டி ஓடுதுன்னு சொன்னேன்.

நுஹாத்: நீயும் சிரிச்சியா?

ராதிப்: ஒரு நிமிஷம்தான். அப்புறம் கடைக்குள்ள போயிட்டேன். யாரோ ஒரு காய்கறி வண்டிக்காரன் வந்து சக்கரத்துக்குக் கல்லு வச்சான், நீயும் ஏறிப் போயிட்ட. ஒண்ணும் ஆகலையே. பொம்பளை ஓட்டினா இப்படித்தான் ஆகும். பிரேக்கை மிதிச்சு நிறுத்தணும்னு கூடத் தெரியலை உனக்கு. அங்கதான் பிளேட் எரிஞ்சிருக்கு.

நுஹாத்: அங்கதான் எரிஞ்சுது. வாடை உள்ள வரைக்கும் வந்துச்சு. பின்னாடி உக்காந்திருந்த பிள்ளத்தாச்சிப் பொண்ணு மூக்கைப் பொத்திக்கிட்டா. பிரேக்கை மிதிக்கத் தெரியும் அண்ணே, அவரு முதல்ல கத்துக் குடுத்ததே அதைத்தான். ஆனா கடை வாசல்ல உன்னைப் பாத்துட்டேன். நீயும் என்னைப் பாத்த. இதோ ரோட்டைத் தாண்டி வந்து கல்லு வைப்ப, வச்சதும் கிளப்பிடலாம்னு நினைச்சு, அரை கிளட்ச்லயே, பிளேட் எரிய எரிய வண்டியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீ முதுகைக் காட்டிக்கிட்டு உள்ள போற வரைக்கும் என் கால் அதுலதான் இருந்துச்சு.