கருவிக் கோளாறு

குளிக்கும்போது வெந்நீர் எப்படி வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. நான் யோசித்தேன், அதுதான் என் வேலை. சுவரில் மாட்டிய கேஸ் ஹீட்டரின் புகை, சூடாக இருப்பதால் தானாக மேலேறிக் குழாய் வழியே வெளியே போய்விடும். எங்கள் ஆய்வகத்து மாதிரிக் குளியலறையில் எல்லாச் சோதனைகளிலும் அப்படித்தான் போனது. ஒரே ஒரு முறை, மணமில்லாத விஷவாயு அறைக்குள் ஏறியதாக மீட்டர் காட்டியது. ஏனென்று பிடிபடவில்லை.

கட்டுரையில் அந்த அளவை நீக்கி, 'கருவிக் கோளாறு' என்று அடிக்குறிப்பு எழுதினேன். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று மீட்டரைப் பழுதுபார்க்க அனுப்பினேன்.

என் தங்கைக்கும் அதே ஆய்வகம்தான். வீட்டில் நான் அண்ணா, அங்கே சார். கூட்டத்தில் எழுந்தாள்.

"மத்த அளவெல்லாம் அதே மீட்டர்ல எடுத்ததுதானே சார்? அதையெல்லாம் மட்டும் எப்படி நம்புறீங்க?"

நியாயமான கேள்வி. பதில் இல்லாதபோது கேட்டவரைத் தாக்குவது சுலபம். "மேடத்துக்குச் சின்ன வயசுலேர்ந்தே இருட்டுல பேய் தெரியும்," என்றேன். அறையே சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

கூட்டம் முடிந்ததும் என் அறை வாசலில் வந்து நின்றாள். "பேய்க் கதையை உன்கிட்ட மட்டும்தாண்ணா சொல்லியிருந்தேன். சரி, விடு. அந்த ஹீட்டரை என் வீட்ல மாட்டுறேன். மீட்டர் வந்ததும் அளந்து பாக்கலாம்."

"மாட்டிக்கோ. அதுவரைக்கும் வெந்நீராவது கிடைக்கும்."

அந்த வாரமே விடை கிடைத்தது. என் குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். கதவு தானாக இழுபட்டுச் சாத்திக்கொண்டது. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். எல்லாம் மூடியிருந்தால் மிச்சமிருக்கும் வழி புகைக்குழாய்தான். மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கும். மீட்டர் விஷவாயுவைக் காட்டிய அன்று ஆய்வகத்தில் ஃபேனைப் போட்டவனும் நான்தான்.

அவளிடம் சொல்லப் போனை எடுத்தேன். கட்டுரை அச்சில் இருந்தது. வெளிவரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் வீட்டுக் குளியலறைக் கதவை உடைத்து அவளை வெளியே தூக்கி வந்தது நான்தான். மூச்சு நின்றிருந்தது; தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டரை அவளே தப்பாக மாட்டிவிட்டாள் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். இல்லை, சரியாகத்தான் மாட்டியிருந்தாள்.

அன்று போனில் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: ஹீட்டர் எரியும்போது ஃபேனைப் போடாதம்மா, ஜன்னலைத் திறந்து வை.