ஒரே அளவுள்ள இரண்டு ரிலேக்கள்

ஹை பீம் எரியவில்லை என்றால் முதலில் பல்பைத்தான் பார்க்க வேண்டும். பத்துக்கு ஏழு வண்டியில் கோளாறு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பலரும் எடுத்த எடுப்பில் வயரில் கைவைத்து, நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். நீங்கள் அப்படியில்லை. காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஹார்ன், ஃபியூஸ், சுவிட்ச், எர்த் வயர் என்று வரிசை தவறாமல் போனீர்கள். இன்சூரன்ஸ் சர்வேயர்கள் பொதுவாக நசுங்கின பக்கத்தை நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உங்களுக்கு யார் தொழில் சொல்லிக்கொடுத்தார்களோ, நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. சுவரோரமாக நகர்த்திப் போட்டு உட்காருங்கள். மேசைமேல் நீங்கள் திறந்து வைத்திருக்கிற கறுப்புப் பெட்டியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஷெட்டில் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, மாப்பிள்ளையிடம் சொன்னதைத் தவிர.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். காரில் இரண்டு மணி நேரம். நடுவில் பதினான்கு வளைவு, பெயருக்குக்கூட ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அவள் போன பிறகு நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாதம் ஒருமுறை மகளும் மாப்பிள்ளையும் வருவார்கள். வந்த அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். எனக்கு என் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் போல இருந்தது. எத்தனை சுற்றி வளைத்தாலும் விஷயம் அவ்வளவுதான்.

மாப்பிள்ளையை நீங்கள் இன்று காலை உள்ளே பார்த்தீர்கள். தங்கமான மனிதர். நூலகத்தில் வேலை. காரோடு கொடுக்கும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த மனிதரை என் அனுபவத்தில் அவர் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். சத்தம் என்றால் ஆகாது. வாசலில் வந்து நின்றாலும் ஹார்ன் அடிக்க மாட்டார். இறங்கி வந்து, கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பார். "ஹார்ன் எதுக்குத்தான் இருக்கு?" என்று மகள் கேட்டால், "அவசரத்துக்கு" என்பார்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவர்கள் வந்திருந்தபோது, வண்டியில் ஹை பீம் நிஜமாகவே போய்விட்டது. பல்புதான். என்னிடம் அந்த அளவு பல்பு இல்லை. கிட்டத்தில் மட்டும் வெளிச்சம் தருகிற லோ பீமை வைத்துக்கொண்டு அந்த மலையில் போக முடியாது என்று சொல்லி இருவரையும் தங்கவைத்தேன். அன்று நாலு பேரும் சீட்டாடினோம். மகள் வழக்கம்போல அழுகுணி ஆட்டம் ஆடினாள். என் மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒரு பல்பு போனதற்கே இவ்வளவு என்று படுத்தபடி நினைத்துக்கொண்டேன்.

நான் நிதானமாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன். அதை நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். பிரேக்கில் கைவைக்கிற ஆள் நான் இல்லை. ஸ்டியரிங், டயர் எதையும் தொடவில்லை. ஹை பீம் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? இருட்டில் மலையேற முடியாது, பிள்ளைகள் ஒரு ராத்திரி பெற்றவர்கள் வீட்டில் தங்குவார்கள். ஒரு தகப்பன் இதைவிட மிருதுவாக எதையும் கெடுக்க முடியாது.

அந்தப் பெட்டிக்குப் பெயர் ரிலே என்று உங்களுக்குத் தெரியும். சுவிட்சைப் போட்டால் உள்ளே 'டக்' என்று இரண்டு முனைகள் ஒட்டும், விளக்குக்குக் கரண்ட் போகும். ஒன்றைப் பிரித்தேன். மகள் அறையில் அவள் விட்டுப் போன நெயில் பாலிஷ் இருந்தது, ரோஸ் கலர். ஒரு முனையில் ஒரு பூச்சு பூசி, காயவைத்து மூடினேன். இனி 'டக்' என்று சத்தம் வரும், கரண்ட் போகாது. சத்தம் வருவதால் ரிலேயை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கச்சிதமான வேலை, வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்று கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல ரிலேயைப் போட்டு, "பாருங்க மாப்பிள்ளை, பளிச்சுன்னு எரியுது" என்று காட்டுவேன். அவர்கள் பையை ஏற்றும்போது பானெட்டை மூடுகிற சாக்கில் இதைச் சொருகிவிடுவேன். வெயிலில் யார் ஹை பீம் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். புதன்கிழமை வாக்கில் போன் வரும்.

"மாமா, மறுபடியும் எரியலை."

"அட, அப்படியா. சனிக்கிழமை கொண்டுவாங்க, பாத்துடலாம்."

ஒரு வாரம் பல்பு. அடுத்த வாரம் ஃபியூஸ். அதற்கடுத்து சுவிட்ச், பிறகு எர்த் வயர். என் மனைவிக்கு மானம் போயிற்று. "முப்பது வருஷமா என்னதான் வேலை பாத்தீங்க? ஒரு லைட்டு ஒரு வாரம் தாங்க மாட்டேங்குது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகள்தான் எனக்காகப் பரிந்து பேசினாள். "அப்பாவுக்கு வயசாகுதும்மா, விடு. வேற மெக்கானிக் கிட்ட போனா மனசு கஷ்டப்படுவாரு." அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில் தெரியாதவன் என்ற பெயரை மகளுக்காக வாங்கிக் கட்டிக்கொண்டேன் பாருங்கள், அதையெல்லாம் யாரும் தியாகம் என்று சொல்ல மாட்டார்கள்.

என் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது வாய்க்கொழுப்பு. மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து, "இது ஏன் மாமா, அது ஏன் மாமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். யாராவது அவ்வளவு ஆசையாகக் கேட்டால் நமக்குத் தலைகால் புரியாது. ஒருநாள் சொல்லிவிட்டேன்: "ஹார்ன் ரிலேயும் ஹை பீம் ரிலேயும் ஒரே சைஸ் மாப்பிள்ளை. சந்தேகம் வந்தா ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாக்கணும்." எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இதற்கு ஒரு பின்பாதி உண்டு. மாற்றிப் போட்டு விளக்கு எரிந்தால், கெட்டது இப்போது ஹார்னில் உட்கார்ந்திருக்கிறது, உடனே புதுசு போட வேண்டும். அதைச் சொல்வதற்குள் மனைவி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் போன் வந்தது. மாப்பிள்ளை குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. கல்யாணத்தன்றுகூடக் கேட்டதில்லை.

"மாமா, நானே சரி பண்ணிட்டேன். ஹை பீம் ஜோரா எரியுது. இனிமே வாராவாரம் உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல. நாளைக்கு அவளுக்கு ஆபீஸ் இருக்கு, நான் மட்டும் வந்து காட்டிட்டுப் போறேன்."

அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எரிவதற்கு வேறு வழியே இல்லை. 'ஹார்னை ஒருதடவை அடிச்சுப் பாருங்க மாப்பிள்ளை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். அவர் 'ஏன்' என்று கேட்காமல் விட்ட விஷயம் உலகத்தில் கிடையாது. அந்தப் பெட்டியைப் பிரிப்பார், ரோஸ் கலரைப் பார்ப்பார், மகளிடம் காட்டுவார். அவளுக்கு அந்தக் கலர் தெரியும். நாளைக்கு இங்கேதானே வரப் போகிறார், வந்ததும் மாற்றிவிட்டால் ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். ஹார்னே அடிக்காத மனிதர் ஒரு நாள் ஹார்ன் இல்லாமல் வந்தால் என்ன குறைந்துவிடும் என்றும் நினைத்தேன். நீங்களே என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். உங்களுக்கு மகள் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. பாத்து வாங்க" என்றேன்.

மறுநாள் காலை பத்தரை மணி, நல்ல வெளிச்சம். ஒன்பதாவது வளைவில் தண்ணி லாரி நடுரோட்டில் ஏறி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாக ஹார்னை அழுத்தியிருக்கிறார். மூன்று தடவை. பிறகு ஒடித்துத் திருப்பிப் பாறையில் மோதிவிட்டார். இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பழைய மாதிரி நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் கையிலிருக்கும் காகிதத்தைப் பார்க்கிறார்.

லாரிக்காரர் ஹார்ன் சத்தமே கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது நிஜம். மாப்பிள்ளை அடித்தேன் என்றார். அதுவும் நிஜம். மகள் லாரிக்காரரை நம்பினாள். "நீங்க என்னைக்கு ஹார்ன் அடிச்சீங்க? உங்க கூச்சத்துக்கு ஒரு கால் போச்சு" என்று ஒன்பது வாரமாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேளாவேளைக்கு மருந்து கொடுப்பாள், பேச மாட்டாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான்தான் இருவருக்கும் நடுவில் போய்ச் சமாதானம் செய்வேன். "விடும்மா, மனுஷன் பயத்துல மறந்திருப்பாரு" என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

ரிலேயை ஏன் அப்போதே எடுத்துப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். வண்டி என் ஷெட்டில்தான் கிடந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பானெட்டின் மேல் உங்கள் கம்பெனி சீல் ஒட்டி, பிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்.

இன்று காலை நீங்கள் கேட்கக் கேட்க, மாப்பிள்ளை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று நீங்களே கேட்டீர்கள் அல்லவா. "தப்பு என்னோடதுதான் சார். கெட்ட ரிலேயை நானே ஹார்ன்ல போட்டிருக்கேன். மாமா சொல்லிக்கொடுத்ததை அரைகுறையா கேட்டுட்டேன்." நான் அப்போது அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மகள் வாசற்படியில் நின்று அழுதாள். பிறகு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. இப்படி எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் நீங்கள் இங்கே வந்து பெட்டியைப் பிரித்தீர்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் போனில் வாயை மூடிக்கொண்டேன். போதுமா? ஆனால் ரிப்போர்ட்டில் 'ரிலே பழுது' என்று எழுதினால் பொய்யாகாது. அவள் முகத்தை நீங்களும் இன்று பார்த்தீர்கள். இந்த ஒன்பது வாரமும் வீட்டில் நாலு தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். டாக்டர் இன்னும் இரண்டு வாரத்தில் ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

மகள் வேறொரு கார் எடுத்திருக்கிறாள். இனி அவள்தான் ஓட்டப் போகிறாள். வெளியே நிற்கிறதே, அதுதான். "ஒருதடவை நல்லா பாத்துடுங்கப்பா, எனக்கு உங்களைத் தவிர யார் மேலயும் நம்பிக்கை இல்ல" என்று நேற்றுத்தான் சாவியைக் கையில் கொடுத்தாள். நானும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டேன். நீங்கள் ஒன்றும் கவலைப்பட வேண்டாம். இந்த வண்டியில் ஹார்ன் ரிலேயும் ஹை பீம் ரிலேயும் வேறு வேறு அளவு. யாராலும் மாற்றிப் போட முடியாது.