நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தை ஏன் ஒட்டினோம்?

நான் மேடையேறியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட அவைத் தலைவர், எங்கள் தலைமையாசிரியர் இஷென்பாய் அவர்களே! வெள்ளைக் கம்பளித் தொப்பிகளால் முன்வரிசையைப் பனிமலையாக்கிவிட்ட வெண்தாடிப் பெரியோர்களே! மாலைக் கறவையை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, கையில் பால் மணம் மாறாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! அக்கா என்ற உரிமையோடு நாங்கள் ‘எஜே’ என்றழைக்கும் ஆசிரியைகளே, அவர்களுள் நூலகத்தைக் காத்துவரும் சுலைக்கா எஜே அவர்களே! கடைசி வரிசையில் சூரியகாந்தி விதை கொறிக்கும் என் வகுப்புத் தோழர்களே, தோழியரே! அனைவருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி குமுஷாயின் பணிவான வணக்கம்.

இன்று நாம் ஏன் கூடியிருக்கிறோம்? ஒரு புத்தகத்துக்காக. முன்னூறு பக்கக் காதல் நாவல் ஒன்றுக்காக. அட்டையில் குதிரை வீரன், பின்னால் பனிமலை, தலைப்பு ‘பனிக்கணவாய்’. இதைப் பதின்வயதினர் படிக்கலாமா, கூடாதா? இதைத் தீர்மானிக்க ஐவர் குழு அமைத்தீர்கள். நால்வர் ‘படிக்கலாம்’ என்று கையெழுத்திட்டுவிட்டார்கள். ஐந்தாவது கையெழுத்து மாணவர் சார்பில் என்னுடையது. அதை நான் இன்னும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் பத்து நிமிடம் கேட்டேன்.

இந்த வழக்கு எப்படித் தொடங்கியது என்பது ஊருக்கே தெரியும். என் தோழி நார்கிஸாவின் அம்மா மாவுப் பெட்டியைத் திறந்தார். மாவுக்குள்ளிருந்து புத்தகம் வந்தது. புத்தகத்தைத் திறந்தார். நூற்று நாற்பத்தேழாம் பக்கம் வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு முத்தம் இருந்தது. மறுநாள் காலை அந்த அம்மா புத்தகத்தை மேசை விரிப்பில் சுற்றி, அவிழ்ந்து ஓடிவிடும் என்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். நார்கிஸா, உன் பேரைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினாய். அந்த நம்பிக்கையில்தான் சொல்கிறேன்.

குழு கூடியது. துணைத் தலைமையாசிரியை சோனுன்பூபு எஜே முத்தம் எத்தனை வரி நீள்கிறது என்று எண்ணினார். பதினொரு வரி. புத்தகத்தை எறிந்துவிடலாம் என்றார் ஒருவர். அரசு வாங்கித் தந்த புத்தகத்தை எறிய முடியாது என்றார் மற்றொருவர். கடைசியில் ஒரு வழி பிறந்தது. அந்தத் தாளை மட்டும் முன்தாளோடு சேர்த்து ஒட்டிவிடுவது. பசை வேண்டும். சமையற்கூடத்தில் மாவு இருந்தது. அந்தப் பசையைக் கிண்டியவள் யார் தெரியுமா? உங்கள் முன் நிற்கும் இதே குமுஷாய்தான். கட்டி தட்டாமல் கிண்டினேன். பாராட்டுக்கூடப் பெற்றேன்.

ஒட்டினோம். உலர்த்தினோம். ‘பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் படிக்கத் தகுந்தது’ என்று தாள் தயாரானது. எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்தார்கள்.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். தலைவர் அவர்களே, அது துடுக்காக ஒலித்திருந்தால் மன்னியுங்கள். இந்தப் புத்தகத்தை முழுவதும் படித்தவர் யார் என்று கேட்டேன். இருவர் முத்தத்தை மட்டும் புரட்டிப் பார்த்திருந்தார்கள். ஒருவர் முன்னுரையைப் படித்திருந்தார். ஒருவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

அவையோரே, அதன்பின் ஒட்டிய தாள் நீங்கலாக நான் முழுவதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மற்றப் பக்கங்களின் ஓரம் வெளுத்திருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. எங்கள் பள்ளிப் பெண்கள் எல்லோரும் தங்கித் தங்கிப் படித்த இடம் அது.

அங்கே என்ன இருக்கிறது? கதாநாயகி ஐசுலு, கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி. எர்மெக் என்பவனை இரண்டு முறை பார்த்திருக்கிறாள்; வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவன் நண்பர்களோடு வந்து, மணமுடிப்பதற்காக அவளைத் தூக்கிப் போகிறான். அவன் வீட்டில் அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைக்கிறார்கள். தலையில் மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டைப் போடுகிறார்கள்; அதை ஏற்றால் மணத்துக்குச் சம்மதம் என்று பொருள். அவள் எழுந்து ஓட வாசலுக்கு வருகிறாள். வாசற்படியில் ஒரு முதியவள் குறுக்கே படுத்திருக்கிறாள். முதியவளைத் தாண்டிப் போனவளுக்கு வாழ்வில்லை என்று யாரோ சொல்கிறார்கள். ஐசுலு அழுகிறாள். அழுதபடியே அவன் கண்களைப் பார்க்கிறாள். அந்தக் கண்களில் காதலைக் காண்கிறாள். முக்காட்டைத் தானே இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். அத்தியாயம் முடிகிறது.

முன்வரிசையில் தலையசைக்கிறீர்கள், பெரியவரே. அழகான கட்டம் என்கிறீர்கள். ஆம், அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அழுகையை அழகாக எழுதியிருக்கிறார்கள். அச்சத்தை அழகாக எழுதியிருக்கிறார்கள். அதுதான் ஐயா, என் வழக்கே!

சென்ற மாதம் நூலகத்தில் நார்கிஸா என் காதில் சொன்னாள்.

“ஏய் குமுஷ், ஒன்பதாவது அத்தியாயம் படிச்சியா? அப்படி ஒருத்தன் வந்து தூக்கிட்டுப் போனா நானும் போயிடுவேன்டி.”

“உனக்கு அவன் வேணாம்னா?”

“அவளும் வேணாம்னுதான் சொன்னா. அப்புறம் பாரு, பிடிச்சுப்போச்சுல்ல.”

 அதற்குப் பதில் என் வீட்டிலேயே இருந்தது. ஆனால் அது என்னுடைய பதில் அன்று, என் அக்காவுடையது. எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. ஆகவே நேற்று மாலை மாட்டுக்கொட்டிலுக்குப் போனேன். அக்கா பெர்மெத் கறந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, உன் விஷயத்த நாளைக்கு மேடையில சொல்லட்டுமா?”

அவள் வாளி நிறையக் கறந்து முடித்தாள். பிறகு மாட்டின் முதுகைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“கேட்டியே, அதுவே பெருசுடி. சொல்லு. ஆனா நான் அழுதேன்னு மட்டும் சொல்லிடாத. நான் அழல. அவன் பேரும் வேணாம்.”

“அம்மா?”

“அம்மாவ நான் பாத்துக்கறேன். நீ மேடையில உளறாம இரு, போதும்.”

எனவே அவையோரே, அனுமதியோடு சொல்கிறேன். சென்ற இலையுதிர்காலத்தில் என் அக்கா மருத்துவக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். வயது பத்தொன்பது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தவளை நால்வர் காரில் ஏற்றினார்கள். ஒரு வீட்டில் இறக்கினார்கள். திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். என் பின்னால் தொங்குகிறதே இந்த மேடைத் திரை, இதைப்போல் சிவப்புத் திரைதான். நாடகத்துக்கு இதைத் திறப்போம். அங்கே திறக்கவில்லை. நான்கு மணி நேரம்! மூன்று முறை முக்காடு போட்டார்கள். மூன்று முறையும் கழற்றி மடித்து வைத்தாள்.

அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன ஒன்றை அப்படியே ஒப்பிக்கிறேன்.

“அங்க உக்காந்து என்ன பண்ணேன் தெரியுமா? காத்துட்டிருந்தேன் குமுஷ். இப்ப வரும், இப்ப வரும்னு. புத்தகத்துல அவளுக்கு வந்துச்சே, அது எனக்கும் வரும்னு. மூணு தடவ படிச்சிருக்கேனே. வரல. பசிதான் வந்துச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. நன்றி.

பிறகு அவள் எழுந்தாள். வாசலில் ஒரு மூதாட்டி குறுக்கே படுத்தார். அக்காவின் காலணியை ஒளித்து வைத்திருந்தார்கள். அவள் குனிந்து, “மன்னிச்சுக்கோங்க பாட்டி, வீட்ல தேடுவாங்க” என்று சொல்லிவிட்டு, அவர்மேல் படாமல் கால் தூக்கி வைத்தாள். வெறும் காலுறையோடு நான்கு கிலோமீட்டர் நடந்து வீடு வந்தாள்.

அதன்பின் என்ன நடந்தது? இடி விழுந்ததா? ஏரி வற்றியதா? ஆடுகள் செத்தனவா? ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது ஒன்றே ஒன்று: பேச்சு. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. அவள் வெளியே வந்தால் பேச்சு தொடர்ந்தது. ‘தாண்டி வந்தவள்’ என்று ஊர் பேர் வைத்தது. அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றார் அப்பா. ஏழு மாதம் போய்விட்டது.

இப்போது சொல்லுங்கள், ‘தாண்டியவளுக்கு வாழ்வில்லை’ என்ற வரி தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் திறந்தே கிடக்கிறது. அதன்மேல் ஒரு சொட்டுப் பசைகூட விழவில்லையே! ஏன்? அது நமக்குப் பழகிய வரி. முத்தம் நமக்குப் பழகாத வரி. பழகியதைப் படித்தோம், பார்க்கவில்லை. பழகாததைப் பார்த்தோம், படிக்கவில்லை!

படிக்கவில்லை என்று ஏன் சொல்கிறேன்? இன்று காலை சுலைக்கா எஜே தேநீர்க் கொதிகலனின் ஆவியில் அந்தத் தாளைக் காட்டி மெல்லப் பிரித்தார். சோனுன்பூபு எஜே, பதற வேண்டாம். மூன்றே வரி வாசிக்கிறேன். ‘உன்னை முத்தமிடலாமா என்று எர்மெக் கேட்டான். ஐசுலு நெடுநேரம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு, சரி என்றாள்.’ அவ்வளவுதான். மீதி எட்டு வரியும் ஆற்றைப் பற்றியது.

கேட்டான்! முன்னூறு பக்கத்தில் அந்த மனிதன் அவளிடம் அனுமதி கேட்கும் ஒரே இடம் அது. ஒரு முத்தத்துக்குக் கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு வாழ்க்கைக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒற்றைக் கேள்வியைத்தான் நாம் மாவுப்பசை தடவி மூடினோம். கேளாமல் தூக்கிப் போன பக்கங்களைப் பிள்ளைகளுக்குத் தகுந்தவை என்று திறந்து வைத்தோம். பசை கிண்டியவள் என்ற முறையில் என் தலையும் குனிகிறது.

அப்படியானால் எரித்துவிடு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. வேண்டாம், மாமா. புத்தகம் எரியும், நார்கிஸா படித்தது எரியாது. எங்கள் எல்லோர் மனத்திலும் ஒன்பதாம் அத்தியாயம் ஏற்கெனவே இருக்கிறது. புத்தகம் போய்விட்டால் அதோடு வாதாட எங்களுக்கு இடமே இருக்காது. காதல் கதைகள் எங்களுக்கு வேண்டும். காதல் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு வேறு யார் சொல்கிறீர்கள்? வீட்டில் கேட்டால் ரொட்டியைத் திருப்பிப் போடச் சொல்கிறீர்கள்.

எனவே என் தீர்ப்பு இது. நூற்று நாற்பத்தேழாம் பக்கம் திறந்தே இருக்கட்டும். ஒன்பதாம் அத்தியாயமும் இருக்கட்டும். ஆனால் அந்த அத்தியாயத்தின் முடிவில் ஒரு தாளை ஒட்ட வேண்டும். பசை மிச்சம் இருக்கிறது. தாள் இதோ, என் அக்காவின் கையெழுத்தில். வாசிக்கிறேன்.

‘என் பெயர் பெர்மெத். இப்படி ஒரு வீட்டில் நானும் இருந்தேன். காதல் வரவில்லை. வாசலைத் தாண்டினேன். நன்றாக இருக்கிறேன். கேட்க ஏதாவது இருந்தால் கேளுங்கள். ஆகஸ்ட் முடியும்வரை செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் இருப்பேன். செப்டம்பர் முதல் கல்லூரியில் இருப்பேன்.’

அம்மா, மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். கடைசி வரியை நானும் இன்று காலைதான் பார்த்தேன். தலை குனியாதீர்கள்.

இந்தத் தாள் ஒட்டப்பட்டால், ஐந்தாவது கையெழுத்தை இப்போதே போடுகிறேன். ஒட்டப்படாவிட்டால் போடமாட்டேன்.

முடிக்குமுன் ஒரே ஒரு வேண்டுகோள். நான் பேசத் தொடங்கியதிலிருந்து என் அக்கா கதவோரம் நிற்கிறாள். இந்த மண்டபத்தின் வாசற்படியைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள். யாரும் குறுக்கே படுக்கவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. தலைவர் அவர்களே, பெரியோர்களே, கேட்கிறேன்: அவள் இங்கே வந்து அமரலாமா?

…

நகர்ந்து இடம் விட்ட பெரியவரே, உங்களுக்கு நன்றி. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட உங்கள் அருகிலுள்ளவருக்கும் நன்றி. அக்கா, வா. தலைவர் அவர்களே, தாளை ஒட்டலாம் என்று தலையசைத்துவிட்டீர்கள்; கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். பேனாவை மட்டும் இப்படித் தாருங்கள். அனைவருக்கும் வணக்கம்.