நூற்றுப் பன்னிரண்டு மாத்திரைகள்

துணி மடிப்பதில் இதுவரை யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். விரிப்பின் நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆத்திரத்தில் எதையும் செய்கிறவள் இல்லை, அதற்காகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எலும்பில் புற்றுநோய். ஒரு வாரத்துக்கென்று கொடுக்கும் மார்பின் வலி மாத்திரை நாலே நாளில் தீர்ந்துவிடும். மீதி மூன்று நாளும் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். விரிப்பு எடுக்கப் போகும் வார்டில் நோயாளி இறந்தபின் மிஞ்சும் மாத்திரைகளை நான் எடுத்துச் சேர்க்க ஆரம்பித்தேன்.

அன்று மதியம் தங்கை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். புருஷன் விட்டுப்போனபின் அவளும் மூன்று வயது மகளும் எங்களோடுதான் இருந்தார்கள். சாப்பிட்டு முடித்து, காலித் தூக்குக்குள் மாத்திரைகளை வைத்து மூடிக் கொடுத்தேன். உள்ளே என்ன என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் காவலாளி திறந்து பார்த்துவிட்டான்.

ஸ்டேஷன் பெஞ்சில் அவள் என் காதோடு சொன்னாள்: "நீ வாயத் திறக்காதக்கா. உன் வேலை போச்சுன்னா அம்மாவ யாரு பாக்குறது? எனக்கு இதுதான் முதல் தடவ, மிஞ்சிப்போனா ஆறு மாசம். பாப்பாவ மட்டும் பாத்துக்க."

எண்ணினார்கள். நூற்றுப் பன்னிரண்டு. நூற்றைத் தாண்டினால் போதைமருந்துச் சட்டப்படி அது விற்பனை. விற்பனைக்குப் பதினெட்டு வருடம்.

"என் கையில எதுவும் இல்லம்மா," என்றார் நீதிபதி, கண்ணாடியைத் துடைத்தபடி. தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாப்பாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அம்மா இருந்தவரை எனக்கு ஒரு காரணம் இருந்தது. நான்காம் மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குள் பாப்பா என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். எனக்குக் குழந்தை பிறக்காது என்று டாக்டர் சொல்லி அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது.

சிறைக்குப் போய்ப் பார்க்கும் நாள் வந்தால், பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று எழுதிப்போடுவேன். தங்கையிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும், பாப்பாவுக்குக் காட்டவில்லை. ஐந்து வயதில், "ஜெயில் அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். செத்துப்போய்விட்டாள் என்றேன். அழுதாள். மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன், தூங்கிவிட்டாள்.

ஒன்பதாம் வருடம் ஒரு வக்கீல் பெண் வந்தாள். "உங்க மேல இனி கேஸ் போட முடியாது, காலம் தாண்டிடுச்சு. உண்மையச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டா உங்க தங்கச்சி வெளிய வந்துடுவாங்க."

டீ போட்டுக் கொடுத்தேன். "அவ அப்படிச் செய்வான்னு நானும் நினைக்கலம்மா," என்றேன்.

போன மாதம் சிறை ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் தங்கை போய்விட்டாள். சிறையிலிருந்து அவளுடைய துணிப்பையையும் இறப்புத் தாளையும் கொண்டுவந்து கொடுத்தபோது கதவைத் திறந்தது பாப்பா. பதினைந்து வயது, படிக்கத் தெரியும். தாளில் இருந்த தேதியை இரண்டு தடவை படித்தாள்.

"போன மாசம் வரைக்கும் இருந்தாங்களா, பெரியம்மா?"

பெரியம்மா என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததும் அவள்தான், தெரியும்.

மாத்திரையை எடுத்தது நான். தூக்கில் வைத்தது நான். பன்னிரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்தக் குழந்தையை ஒரு நாள்கூட நான் தாயில்லாமல் வளர்க்கவில்லை.